குரல் இந்தப் பக்கம் வரட்டும்

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் தாலாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து விரல்களும் விசைப்பலகையின் மேல் தயாராக இருந்தன. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை.

"என்ன கேக்குது?" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை பெர்மெத்.

"ஒண்ணும் கேக்கல."

தாலாய்க்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கண் பார்வை போய்விட்டது. அவனுடைய கணினியில் ஒரு வாசிப்புக் குரல் உண்டு. திரையில் உள்ளதை அது வாசிக்கும். கேட்டுக் கேட்டு அவன் தட்டச்சு செய்வான். அந்தக் குரலை அவன் எவ்வளவு வேகமாக வைத்திருப்பான் என்றால், மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. "பட்டாணி பொரியுது" என்பாள் பெர்மெத்.

அன்று பகல் இரண்டு மணிக்கு அவனுக்குத் தேர்வு. தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு கணிதப் பள்ளி இருந்தது. தடவிப் படிக்கும் புத்தகங்களும் தங்கும் விடுதியும் அங்கே உண்டு. கணவாயைப் பனி மூடியிருந்ததால், மலைக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்தே எழுதலாம் என்று சொல்லியிருந்தார்கள். கேள்வித்தாள் பிஷ்கேக்கில் உள்ள ஒரு கணினியில் இருக்கும். அதன் திரை இங்கே தெரியும். இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழும்.

எல்லாம் சரிதான். குரல் மட்டும் வரவில்லை.

"நம்ம குரலுக்கு அந்தத் திரை வெறும் படம்" என்றார் ஆசிரியை கனிஷாயிம். பிள்ளைகள் அவரை 'எஜே', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். "படத்துல இருக்கற எழுத்த அதால வாசிக்க முடியல. அதனால அங்கயே ஒரு குரலப் போடச் சொன்னேன். போட்டுட்டோம்னு சொல்றாங்க. ஆனா சத்தத்தக் காணோமே."

தேர்வு மையத்துக்காரரிடம் மறுபடியும் தொலைபேசியில் கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"இங்க ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு" என்றார் அவர்.

"யாருக்குக் கேக்குது?" என்றான் தாலாய்.

அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"யாருக்கும் இல்ல தம்பி. அது பெரிய கணினி ஒண்ணுக்குள்ள ஓடற இன்னொரு கணினி. அதுக்குன்னு தனியா ஸ்பீக்கர்கூடக் கிடையாது."

"நான் கேள்விய வாசிச்சுக் காட்டறேனே" என்றாள் பெர்மெத்.

"கூட யாரும் உட்காரக் கூடாதும்மா. அது விதி" என்றார் மையத்துக்காரர்.

எஜே தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பிட்டுட்டு வாங்க. நானும் பாக்கறேன். முடியலன்னா..." என்று நிறுத்தினார். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மட்டும்தான் சேர்ப்பார்கள். அடுத்த ஆண்டுத் தேர்வு வரும்போது அவன் இங்கேயே ஆறாம் வகுப்பில் இருப்பான்; பிறகு அங்கே சேர முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டில் யாரும் இல்லை. ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் அப்பாவும் அம்மாவும் பட்டியில் இருந்தார்கள். பெர்மெத் அடுப்பில் இருந்த ஆட்டுக்கறிச் சூப்பை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். தாலாய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடு அண்ணா."

"ம்."

சூப்பைக் குடித்துக்கொண்டிருந்த பெர்மெத்துக்குத் திடீரென்று போன மாதம் நடந்தது நினைவுக்கு வந்தது. இதே போலத் தூரத்துக் கணினியில் இருந்த பயிற்சித்தாளை எஜே அச்சடிக்கப் பார்த்தார். தாள் வரவே இல்லை. பிறகு இணைப்பைத் துண்டித்து, மறுபடி இணைப்பதற்கு முன்னால், ஒரு பட்டியலில் 'அச்சு இயந்திரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். உடனே இங்கே இருந்த இயந்திரத்தில் தாள் வந்தது.

தாளுக்கு ஒரு கட்டம் இருந்தால், குரலுக்கும் ஒன்று இருக்காதா?

அவள் வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அண்ணன் ஜெயித்தால் பிஷ்கேக் போய்விடுவான். காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வர மாட்டான். வாய்ப்பாடு தெரியாமல் அவள் முழிக்கும்போது முதுகில் விரலால் எழுதிக் காட்ட மாட்டான். அவள் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கிண்ணங்களைக் கழுவினாள். மெதுவாகக் கழுவினாள். திரும்பிப் பார்த்தபோது, தாலாய் பிய்த்த ரொட்டித் துண்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி, திரும்பத் திரும்பத் தடவி எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெர்மெத் கையைத் துடைத்தாள். "அண்ணா, பூட்ஸ மாட்டு. சீக்கிரம்."

பனியில் சறுக்கிச் சறுக்கி இருவரும் ஓடினார்கள். எஜே இன்னும் திரை முன்னால்தான் இருந்தார். பெர்மெத் மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "எஜே, அன்னிக்கு அச்சடிக்கறதுக்கு டிக் போட்டீங்களே, அந்தப் பட்டியலத் திறங்க. குரலுக்கும் அங்க ஏதாவது இருக்கும்."

எஜே இணைப்பைத் துண்டித்தார். பட்டியலைத் திறந்தார். அச்சு இயந்திரத்துக்கு மேலேயே இருந்தது: ஒலி எங்கே கேட்க வேண்டும்? 'தூரத்துக் கணினியில்' என்று இருந்தது.

எஜே நெற்றியில் கை வைத்தார். "நான்தான் வச்சேன். பிள்ளைங்க பாட்டுப் போட்டுக் கூத்தடிக்கறாங்கன்னு நான்தான் அப்படி மாத்தினேன். மறந்தே போயிட்டேன்."

'இந்தக் கணினியில்' என்று மாற்றினார். இணைத்தார். தாலாய் ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"என்ன கேக்குது?" என்றாள் பெர்மெத்.

"ரொம்ப மெதுவாப் பேசுது" என்றான் தாலாய். "கிழவன் மாதிரி."

எஜே சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேர்வு நடந்த நேரம் முழுவதும் பெர்மெத் வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் விசைகளின் சத்தம் நிற்காமல் கேட்டது.

தாலாய் வெளியே வந்து அவள் தோளைத் தேடிப் பிடித்தான்.

"சாப்பிடும்போதே உனக்குத் தெரிஞ்சுடுச்சு இல்ல?" என்றான். "உன் கரண்டிச் சத்தம் நின்னு போச்சு."

அவள் தலை குனிந்தாள். "ஆமா."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ போயிடுவியே."

 தாலாய் அவள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டான். "எனக்கும் அதே பயம்தான்" என்றான். "வா, போலாம்."

கோடை முடியும்போது தாலாய் பிஷ்கேக் புறப்பட்டான். அவனுடைய பையைக் கார் நிற்கும் இடம் வரை பெர்மெத்தே சுமந்தாள். பை கனமாக இருந்தது. வழியெல்லாம் அழுதாள். அப்பா இரண்டு முறை கேட்டும், அவள் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.