நடுவில் நின்ற முள்

காலை 9.40. பொன்னுரங்கத்தின் பழைய பிக்கப் வண்டியை எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்து, திருவொற்றியூரில் ரூத்தின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை முன்னால் நிறுத்தினார்கள். என்ஜின் சூடேறி இறுகிப் போயிருந்தது. முந்தின நாள் ரேடியேட்டர் மூடியைத் திறந்த டிரைவர் கஸ்பாருக்கு ஆவியடித்து, இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு.

வெந்தவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பொன்னுரங்கம் ஸ்டேஷனில் இருந்தார். முதலாளிகள் இதிலெல்லாம் முந்திக்கொள்வார்கள். மீட்டரில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறுவதைப் பார்க்காமல் ஓட்டினான் என்று புகார். ரூத் சோதித்துச் சொல்வதை வைத்துத்தான் வழக்கு என்றார், பொன்னுரங்கத்தோடு கடைக்கு வந்த எஸ்.ஐ. தேவகிருபை.

ரூத்தோடு கடையில் வேலை செய்யும் அவள் கணவன் ஜெரி, வெளிச்சத்துக்காக ஸ்டியரிங்கில் விளக்கை மீன் வலை நூலால் கட்டினான். காசிமேட்டுக்காரன், டேப்பை நம்பவே மாட்டான். "இன்னாத்துக்குப் பிரிக்கிற? மீட்டர் நல்லாத்தான் கீது," என்றான்.

ரூத், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்ற கஸ்பாரிடம் திரும்பினாள்.

"எப்ப சேர்ந்த?"

"தீபாவளி முடிஞ்சுக்கா."

"நேத்து சாவி போட்டதும் முள்ளு எங்க இருந்திச்சி?"

"நடுவுல. எப்பவும் அங்கதான் நிக்கும். சத்தியமா ஏறவே இல்லக்கா."

10.15. திருகுகளின் மேல் காய்ந்திருந்த சந்தனம் குங்குமத்தைச் சுரண்டிவிட்டு, மீட்டர் பலகையைக் கழற்றினாள். பின்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு ஸ்டியரிங்கில் இருந்த விளக்கைப் பார்த்தாள்.

"ஆறிக் கெடக்கற என்ஜினுக்கு முள்ளு அடியில படுத்துகினு இருக்கணும். சாவி போட்டதும் நடுவுல எப்டி வரும்? என்ஜின்லேர்ந்து முள்ளுக்கு வர்ற ஒயரைக் கட் பண்ணிட்டு, ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, சூடு ஏறினாலும் முள்ளை ஒரே எடத்துல நிக்க வெச்சுகீறாங்க."

"அவனே செஞ்சிருப்பான்!" என்று பாய்ந்தார் பொன்னுரங்கம்.

"ஆயுத பூஜைக்கு நீங்க வெச்ச சந்தனம் நாலு திருகு மேலயும் கலையாம இருந்திச்சி. அதுக்கப்புறம் யாரும் பிரிக்கல. இவன் வந்ததே தீபாவளிக்கு அப்புறம்."

பொன்னுரங்கத்தின் குரல் இறங்கியது. "முள்ளு சிவப்புக்குப் போவுதுன்னு ஒரு டிரைவரும் வேலைல நிக்கல. நான் இன்னா பண்றது?"

"செஞ்சு குடுத்தது யாரு?" என்றார் தேவகிருபை.

ரூத் கஸ்பாரின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். மீட்டர் பலகையைத் திருப்பிக் காட்டினாள். ஒயர் இணைப்பில் டேப் இல்லை. வலை நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஸ்டியரிங்கில் விளக்கைப் பிடித்திருந்ததும் அதே முடிச்சுதான்.

"எழுதிக்கோங்க மேடம். செய்யச் சொன்னது இந்த மொதலாளி. செஞ்சது என் வூட்டுக்காரரு."

"ரூத்து..." என்றான் ஜெரி. அவள் திரும்பவில்லை. கஸ்பார்தான் தலையைக் குனிந்துகொண்டான்.