மதகு வளைவில் ஒரு கை

மருத்துவமனைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. பெரிய சாலையில் போனால் இருபது நிமிடம் கூடுதலாகும். அதனால் பதினோரு வருடமாக நான் லாயத்துச் சாலையில்தான் வேன் ஓட்டுகிறேன். எங்கள் சலவை நிலையத்தில் வெளுத்து, தேய்த்து, மடித்த படுக்கை விரிப்புகளைக் காலை ஆறரைக்குள் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பீற்றிக்கொள்ளும்படியான வேலை இல்லை. ஆனால் ஒரு நாள் பிந்தினால் நான்கு மாடியிலிருந்தும் திட்டு விழும்.

அந்தச் சாலை ஒன்றரை வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் முள்வேலி. நடுவில் ஒரு வளைவு, வளைவில் ஓடைமேல் கல் மதகு. மதகைத் தாண்டினால் குதிரை லாயத்தின் நீளமான சுவர். விடியும் நேரத்தில் ஓடையிலிருந்து பனி கிளம்பி வளைவில் தேங்கி நிற்கும். அந்தப் பனிக்குள் ஒரு மஞ்சள் நிறம் தெரிந்தால் நான் கியரைக் குறைத்துவிடுவேன்.

மஞ்சக்கோட்டு என்றுதான் அவளுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். லாயக்காரரின் தங்கை. குதிரைச் சவாரி சொல்லிக்கொடுப்பவள். தினமும் அந்த நேரத்தில் ஒளிரும் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, பழுப்புக் குதிரை ஒன்றின்மேல் ஏறி அதை நடைக்குக் கொண்டுவருவாள். அந்தக் குதிரையின் பெயர் சோம்பேறி. பெயருக்கு ஏற்ற மாதிரிதான் நடக்கும்.

நான் அந்த வழியில் ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே அவள் வேன் ஜன்னலுக்குக் குனிந்து பாடம் எடுத்துவிட்டாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கையக் கீழ பார்த்து அசைச்சா மெதுவா வாங்கன்னு அர்த்தம். உள்ளங்கைய நேரா காட்டுனா நின்னுடணும். ரொம்ப ஒட்டி வராம ஒரு ஆள் படுக்குற அளவு இடம் விட்டுப் போங்க. தாண்டுனதும் சட்டுனு ஆக்ஸிலேட்டர மிதிச்சுடாதீங்க.”

“அவ்வளவுதானா, பரீட்சை உண்டா?” என்று கேட்டேன்.

“தினமும் காலைல உண்டு,” என்றாள். சிரித்தாள்.

பதினோரு வருடம் அந்தப் பரீட்சையில் நான் தோற்றதில்லை. அவள் கையை அசைப்பாள், நான் ஊர்ந்து போவேன். தாண்டிய பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தால் அவள் கையை ஹெல்மெட் வரை தூக்கி நன்றி சொல்வாள். வீட்டில்கூட எனக்கு யாரும் அப்படி தினமும் நன்றி சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அவள் எனக்காகக் குதிரையை மதகுச் சுவர் ஓரம் ஒதுக்கி நிறுத்தினாள். கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் தலையை மட்டும் அசைத்தாள். நான் மெதுவாகத் தாண்டினேன். வழிவிட்டவருக்கு இரண்டு சின்ன ஹாரன் கொடுப்பது வேன் ஓட்டுகிறவர்களின் வழக்கம். மரியாதைக்காக. கை தானாகப் போகும், மூளையைக் கேட்காது. இத்தனை வருடமும் அவளிடம் அது போனதில்லை. அன்றைக்குப் போய்விட்டது.

பீப், பீப்.

கண்ணாடியில் சோம்பேறி முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. பிறகு மஞ்சள் நிறம் மேலே இல்லை, கீழே மதகுக் கல்லோரம் கிடந்தது.

நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவளை அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளுத்துக் கொடுத்த விரிப்பில்தான் கிடத்தியிருப்பார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல அழுக்கு மூட்டைகளை ஏற்றினேன். எந்த மூட்டையில் அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“ஹாரன் அடிச்சீங்களா?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

“இல்லைங்க. குதிரை தானா மிரண்டுச்சு.”

அவர் எழுதிக்கொண்டார். லைசென்ஸ் போனால் வேலை போகும், வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதையெல்லாம் யோசித்து நான் பொய் சொன்னேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எதையும் யோசிக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. அன்று மாலையே வேனின் ஹாரன் ஒயரை வெட்டிவிட்டேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை. மதகு வளைவில் பனிக்குள் மஞ்சள் நிறம் தெரிந்தது. பழக்கத்தில் கியரைக் குறைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

குதிரை இல்லை. ஒரு கை இடுப்புக்கு மேலே, எதையோ பிடித்து நடத்திக்கொண்டு வருவதுபோல மடங்கியிருந்தது. அந்தக் கைக்குள் ஒன்றுமில்லை. இன்னொரு கையைக் கீழே பார்த்து அசைத்தாள். மெதுவா வாங்க.

நான் மெதுவாகப் போனேன். ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டேன். தாண்டிய பிறகு கண்ணாடியில் வெறும் சாலைதான் தெரிந்தது. நன்றி சொல்ல யாரும் இல்லை. ஆனால் லாயத்துச் சுவர் முடியும்வரை வேனுக்குப் பக்கத்திலேயே பூட்ஸ் சத்தம் வந்தது. ஒரே ஜோடிக் கால்கள். சரளைக் கல்லில் அவசரமில்லாத நடை.

அன்று விரிப்புகளை இறக்கும்போது மருத்துவமனைத் துணிக்கிடங்கு அக்கா மூக்கைச் சுருக்கினாள்.

“என்னப்பா இது, துணியெல்லாம் ஈர வைக்கோல் வாடை?”

மேல் விரிப்பில் பழுப்பு நிறத்தில் குட்டையான மயிர் ஒட்டியிருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் தோலும் வியர்வையும் கலந்த வாடை. நான் கையால் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் தட்டிவிட்டேன். பயமாக இருந்ததா என்றால், எந்த உணர்ச்சியும் என் தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தினமும் வந்தாள், தினமும் நடந்தாள், ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை லாயக்காரர் சாலையோரம் நின்று என் வேனைக் கைகாட்டி நிறுத்தினார். சவரம் செய்யாத முகம்.

“நீங்கதானே அன்னைக்கு இருந்தது? ஒண்ணே ஒண்ணு கேட்கணும். ஏதாவது சத்தம் கேட்டுச்சா? இந்தக் குதிரை பக்கத்துல வண்டி போனாலும் புல்லைத்தான் பார்க்கும். மேல ஆள் இருக்கும்போது அது ஒரு நாளும் காலத் தூக்குனதில்ல.”

“ஒண்ணும் கேட்கல சார்.”

“அப்போ அதுக்கே புத்தி கெட்டுப்போச்சு. இனி பிள்ளைங்கள எந்த நம்பிக்கைல அது மேல ஏத்துறது? ஆளக் கொன்ன குதிரைன்னு தெரிஞ்சு எவனும் வாங்கவும் மாட்டான்.” சுவருக்கு அப்பால் பார்த்தபடி சொன்னார். “சனிக்கிழமை டாக்டர் ஊசி போட வர்றார். ஒரே ஊசிதான். வலிக்காதாம்.”

நான் தலையாட்டினேன். வேனைக் கிளப்பினேன்.

அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“உங்க வேலை போனா நான் பார்த்துக்கிறேன். போய்ச் சொல்லிடுங்க. அந்த வாயில்லா ஜீவன் என்னங்க பண்ணுச்சு?”

“சொல்றேன்.”

“எப்போ?”

“சனிக்கிழமைக்குள்ள.”

வியாழன் போனது. வெள்ளிக்கிழமை பனி வழக்கத்தைவிட அடர்த்தி. வளைவை நெருங்கும்போது வேனுக்குள் வைக்கோல் வாடை முன்கூட்டியே வந்துவிட்டது.

அவள் சாலை ஓரத்தில் இல்லை. நடுவில் நின்றாள்.

உள்ளங்கையை நேராகக் காட்டினாள்.

நில்.

பதினோரு வருடத்தில் அந்தச் சைகையை அவள் இரண்டு மூன்று முறைதான் காட்டியிருப்பாள். ஒவ்வொரு முறையும் நான் நின்றிருக்கிறேன். வலப்பக்கம் லாயத்தின் கேட் திறந்திருந்தது. பிரேக்கை மிதித்து இறங்கி இருபது அடி நடந்தால் போதும். ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

மணி ஆறு இருபது. விரிப்பு பிந்திவிடும் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான் நிற்கவில்லை.

மஞ்சள் நிறம் வேனின் முன்கண்ணாடிக்கு மிக அருகில் வந்தது. வேன் எதன் மீதும் மோதவில்லை. கண்ணாடியில் மட்டும், உள்பக்கமாக, ஐந்து விரல்கள் பதிந்த ஆவி படிந்து மெல்ல மறைந்தது.

பூட்ஸ் சத்தம் அன்று வேனோடு வரவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஏழு மணிக்கு லாயத்துக்குப் போனேன். முற்றத்தில் லாயக்காரர் தண்ணீர் ஊற்றி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கொட்டடிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வைக்கோல்மேல் ஒரு பெரிய பள்ளம், படுத்திருந்த இடம்.

“டாக்டர் ஆறு மணிக்கே வந்துட்டார்,” என்றார் அவர். “சமர்த்தா நின்னுச்சு.”

“சார். நான் ஹாரன் அடிச்சேன்.”

அவர் வாளியை ஓடும் குழாய்க்கடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எத்தனை தடவை?”

“ரெண்டு. சின்னதா. நன்றி சொல்றதுக்காக.”

“நன்றி சொல்றதுக்காக,” என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் குழாயை மூடினார். கீழே கிடந்த கயிற்றை எடுத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

“போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போங்க,” என்றார்.

சாத்திவிட்டுப் போனேன். நேராகப் போலீஸ் நிலையம் போய் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். சலவை நிலையத்தில் வேறு டிரைவர் கிடைக்கும்வரை திங்கள் மட்டும் ஓட்டச் சொன்னார்கள். யார் செத்தாலும் யார் மாட்டிக்கொண்டாலும் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுக்க முடியாதே.

திங்கட்கிழமை பனி இருந்தது. வளைவுக்கு வெகு முன்பே நான் வேனை ஊர வைத்துவிட்டேன். அவள் வரமாட்டாள் என்று நம்பினேன். சொல்லிவிட்டேன் அல்லவா.

முதலில் சத்தம் வந்தது.

பூட்ஸ் இல்லை.

நான்கு கால்கள். லாடம் கல்லில் படும் சத்தம், சோம்பல் நடை, நடுவில் ஒரு கனைப்பு.

பனி விலகியது. மஞ்சள் நிறம் இந்த முறை உயரத்தில் இருந்தது. வெறுங்கையில் அத்தனை நாள் பிடித்துக்கொண்டு திரிந்தாளே, அந்தக் கையில் இப்போது கடிவாளம் இருந்தது. குதிரையை மதகுச் சுவர் ஓரம் ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள்.

நான் இடம் விட்டுத் தாண்டினேன். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

அவள் கையை ஹெல்மெட் வரை தூக்கினாள்.

நன்றி.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. குதிரையைக் கொண்டுவந்து கொடுத்ததற்கு. நான் நிற்காமல் போன அந்த வெள்ளிக்கிழமைக்கு. எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது, ஸ்டியரிங் நனையும்வரை வந்தது.

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் விளிம்பில்தான் இருந்தன. இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹாரன் ஒயரை வெட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

பீப், பீப்.

கண்ணாடியில் சோம்பேறி காதை மட்டும் அசைத்தது. இந்த முறை அது மிரளவில்லை.