பச்சை எரிந்த பின்னும் பேசியவள்

அன்று காலை நப்பின்னையின் வீட்டில் ஒருவரும் ஒரு வாக்கியத்தையும் முடிக்கவில்லை. செவ்வாய்க் கோளின் மருதநல்லூரில் எல்லா வீட்டிலும் எல்லாக் காலையும் அப்படித்தான்.

"ஏட்டி, உன்னோட அந்த..." என்று தொடங்கினாள் தாய் கோமளவல்லி.

நப்பின்னையின் காதோரம் பச்சை ஒளி மினுங்கியது. "எடுத்து வச்சுட்டேம்மா."

"இன்னைக்குப் பரீட்சையில..."

"பதற மாட்டேன்."

"தம்பியக் கொண்டு விடப் போனா, அங்க அவன் குர..."

"அழுவான். போகப்போகச் சரியாயிரும்மா."

தாய் வாய் திறந்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு மூடிக்கொண்டு, மூன்று வயது நம்பியை இடுப்பில் ஏற்றி மழலையர் இல்லத்துக்கு நடந்தாள். பச்சை எரிந்த பின்னும் பேசுவது நாகரிகம் ஆகாது.

அந்த ஒளி 'முடிப்பான்' என்னும் கருவியுடையது. கடுக்கன் அளவில் காதில் குடியிருக்கும். பேசுகிறவரின் முதற்சொற்களையும் முகத்தையும் பழக்கத்தையும் சீர்தூக்கி, வாக்கியத்தின் மீதியை அவர் சொல்லுமுன்னே கேட்பவரின் செவிக்குள் சொல்லிவிடும். சொன்னதும் பச்சை எரியும். 'அறிந்தேன், நிறுத்துக' என்பது அதன் பொருள். காற்றை அளந்து மூச்சு விடும் ஊரில் சொல்லையும் அளந்து செலவிடுவது அறமெனக் கருதப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில்தான் நப்பின்னை பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாட்டியலில் இளங்கலை பயின்றாள். முடிப்பானால் முடிக்க இயலாத பேச்சு எதுவோ அதுவே நோய் என்பது முதலாண்டுப் பாடத்தின் முதல் வரி. அத்தகைய பேச்சைக் கேட்கும்போது கருவி திணறிச் சிவப்பாக எரியும். சிவப்பு எரிந்தால் எதிரே இருப்பவர் நோயாளி. அவரைக் கடைசிச் சொல் வரை பொறுத்துக் கேட்க வேண்டும் என்பது ஊரின் சட்டம்.

இரண்டாம் ஆண்டில் 'வேடப்பாடம்' என்றொரு வழக்கம் உண்டு. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நோயை ஒருநாள் முழுதும் பூண்டு கடைவீதியில் உலவ வேண்டும். நோயுற்றவரின் பாடு அப்போதுதான் விளங்கும். நப்பின்னைக்கு வாய்த்தது திக்குவாய். இட்லி என்ற சொல்லை அவள் 'இ'கரத்திலேயே நிறுத்திப் போராடியபோது கடைக்காரர் கைகட்டி நின்றார், வரிசையே நின்றது. அறைக்கு வந்து அழுதாள். வெட்கத்தால் என்று தோழியர் எண்ணினர். தன் பேச்சைப் பிறர் முழுதாகக் கேட்டது வாழ்நாளில் அந்த ஒருநாள்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று இறுதித் தேர்வு. உயிருள்ள ஒரு நோயாளி. நோய் உண்டா இல்லையா என்று அவரைப் பற்றி ஒரு முடிவு. தவறினால் செவ்வாயின் நீண்ட ஆண்டு ஒன்று கழிந்த பின்னரே மறுவாய்ப்பு. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பேராசிரியர் திருமலையப்பனும் வேறு இரு தேர்வாளரும் அமர்ந்திருந்தனர்.

உள்ளே வந்தவள் ஊர்க்கோயிலின் ஓதுவார் இசைஞானி. முப்பத்தைந்து வயது, நெற்றி நிறைய நீறு, காதுகள் வெறுமை. பதிகம் பாடும்போது அடுத்த அடியைக் கருவி முந்திச் சொன்னால் மனம் இறைவனிடம் நில்லாது என்று ஓதுவார்கள் முடிப்பானைக் கழற்றிவிடுவர். இசைஞானி பாடாத வேளையிலும் அதை மறந்துவிடுவாள். 'பச்சை எரிந்த பின்னும் பேசுகிறார். பொருளற்ற புகார் கூறுகிறார்' என்று கோயில் குழுவினர் எழுதி அனுப்பியிருந்தனர். நோயென்று உறுதியானால் நாளை முதல் கோயிலில் பதிவுக்குரல்தான் பாடும்.

"உக்காருங்கக்கா. குரல்ல என்ன தொந்தரவு?"

"நான் உக்காந்து பாடும்போது..."

'தொண்டை வறண்டுவிடுகிறது' என்று செவிக்குள் மெல்லொலி. பச்சை. "வெந்நீர் குடிக்கிறீங்களா?"

"அது இல்ல தாயி. உக்காந்து பாடினா..."

'முதுகு வலிக்கிறது.' பச்சை. "முதுக நிமித்தி உக்காரணும்க்கா."

"ஏ தாயி, உன் காதுல இருக்கது கருவியா, இல்ல என் மாமியாரா?"

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த முகங்களைக் கண்டு அடக்கிக்கொண்டாள். ஒவ்வொரு சோதனையாகச் செய்தாள். நாவும் அண்ணமும் குற்றமற்றவை. குரல்நாண்கள் கோயில் மணிபோல் சுத்தமாக அதிர்ந்தன. உட்கார்ந்து பாடச் சொன்னாள், நின்று பாடச் சொன்னாள். இரண்டிலும் ஒரே குரல், அப்பழுக்கில்லாத குரல். நோயாளி என்று வந்தவளிடம் நோய் இல்லை. இல்லையென்று எழுதி, அது இருந்துவிட்டால்? நேரம் கரைந்துகொண்டிருந்தது. திருமலையப்பன் எழுதுகோலால் மேசையைத் தட்டினார்.

எஞ்சியது இசைக்கவைச் சோதனை. இரு கவர் கொண்ட அந்த உருக்குத் துண்டைத் தட்டி, அதன் அதிர்வு காதெலும்பில் எப்போது அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். முடிப்பானின் நுண்ணதிர்வு கலந்துவிடும் என்பதால் சோதிப்பவரும் கருவியைக் கழற்ற வேண்டும் என்பது விதி. நப்பின்னை கழற்றினாள். உலகம் சட்டென்று பெரிதானது போலிருந்தது.

"சத்தம் நின்னதும் கையத் தூக்குங்க."

இசைஞானி சரியான கணத்தில் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமலே பேசினாள்.

"இப்பவாது கேளு தாயி. உக்காந்து பாடினா என் குரல் பாதாளத்துல இருந்து வருது, எருமை கத்துற மாதிரி. எந்திரிச்சு நின்னா என் குரல் எனக்கே திரும்பி வருது. மறுபடி உக்காந்தா மறுபடி எருமை. கோயில் மண்டபத்துல மட்டுந்தான் இப்படி; வாசலுக்கு வந்தா ஒண்ணுமில்ல. சுவருக்குப் பின்னால மின்பேழைய மாத்துனாங்கல்லா, அன்னையில இருந்துதான். தொண்டையில சீக்கு இருந்தா, அது நான் உக்காந்திருக்கேனா நிக்கேனான்னு பாத்தா வரும்?"

நப்பின்னை இசைக்கவையை மேசையில் வைத்தாள்.

குரல் தொண்டையில் மட்டும் பிறப்பதில்லை. தொண்டையை நிறைக்கும் காற்றும் அதற்குத் தாய். காற்றினும் கனத்த வாயு ஒன்றை உள்ளிழுத்துப் பேசினால் குரல் தாழும். ஆய்வகத்தில் திருமலையப்பனே ஒரு மடக்கு இழுத்து அரக்கனைப்போல் முழங்கி வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறார். அந்த வாயுதான், ஊருக்கு மின்சாரம் பிரிக்கும் மின்பேழைகளுக்குள் தீப்பொறி எழாமல் காக்கக் காப்பு வாயுவாக அடைக்கப்படுவது. நிறமில்லை, மணமில்லை, நஞ்சுமில்லை. ஆனால் மூச்சுக்காற்று இருக்க வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்டபத்திலோ, ஓதும் வேளையில் இரைச்சல் கூடாதென்று காற்றோட்ட விசிறிகளை நிறுத்துவது வழக்கம். புதிய பேழையிலிருந்து கசிந்து தரையோடு தேங்கிய வாயுவில் இந்தப் பெண் உட்கார்ந்தால் மூழ்குகிறாள்; நின்றால் கரையேறுகிறாள்.

தேங்கியது, நிரம்பினால் வழியும். கீழ்நோக்கி.

மண்டபத்தின் படிக்கட்டு இறங்கும் இடம் மழலையர் இல்லம். இது குழந்தைகள் உறங்கும் வேளை, அதற்காக அங்கும் விசிறிகளை நிறுத்தும் வேளை. தரையில், பாய்களில்.

'அங்க அவன் குர...' தாய் முடிக்காத சொல்லை இப்போது எந்தக் கருவியும் இல்லாமல் அவளே முடித்தாள். அங்கே அவன் குரல் வேறாக இருக்கிறது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "சார், கோயில் மண்டபத்துல..."

மூன்று காதுகளிலும் பச்சை. "அங்க வச்சுப் பாட விடணுமா? வேண்டாம்மா, இங்கயே பாக்கலாம்" என்றார் திருமலையப்பன்.

"இல்ல சார், கீழ பிள்ளைங்க..."

பச்சை. "பிள்ளைங்க சத்தம் இடைஞ்சலா இருக்கா? கதவச் சாத்தச் சொல்லுதேன்."

"சார், வாயு..."

பச்சை. "பரீட்சை நேரத்துல எல்லாருக்கும் வயிறு அப்படித்தான் பண்ணும். ஒரு வாய் தண்ணி குடி."

அலறினாள். அலறலையும் கருவி அறிந்து வைத்திருந்தது. 'தேர்வுப் பதற்றம்' என்று அது சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் மூவரும் கனிவோடு புன்னகைத்தனர். சுவரிலிருந்த தொலைபேசியில் மழலையர் இல்லத்தை அழைத்தாள். "அக்கா, தம்பிய உடனே..." என்பதற்குள், "சாயங்காலம் தலை சீவி ரெடியா வச்சிருக்கேம்மா" என்று சோர்ந்த குரலொன்று துண்டித்தது. அந்தக் குரலும் சற்றே தடித்திருந்தது.

நப்பின்னை கண்களை இறுக மூடினாள். தாடையைப் பூட்டினாள். வேடப்பாடத்தில் கற்ற அத்தனையும் உடம்புக்குத் திரும்பி வந்தன.

"க... க... க... கா..."

பச்சை துடித்தது. மங்கியது. மூன்று காதுகளிலும் சிவப்பு எரிந்தது.

எழுதுகோல்கள் மேசையில் கிடந்தன. திருமலையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, அவள் முகத்தையே பார்த்து, வாழ்நாளெல்லாம் நோயாளிகளிடம் மட்டுமே பேசிய மெல்லிய குரலில் சொன்னார்: "அவசரமே இல்லம்மா. மெதுவா சொல்லு. நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம்."

"கா... காப்பு வா... வா... வாயு க... க... கசியுது..."

உலகில் அவளுக்கு இல்லாத ஒன்று நேரம். அதைத்தான் அவள் அள்ளி இறைக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தின் திக்கலிலும் கீழே பாய்களில் சிறு மார்புகள் வீணாக ஏறி இறங்குவதைக் கண்டாள். 'கோயில் மண்டபத்தில்' என்ற சொற்கள் ஆத்திரத்தில் சரளமாக வந்துவிட்டன. சிவப்பு நடுங்கிப் பச்சையின் சாயல் காட்டியது. திருமலையப்பன் பதில் சொல்ல உதடு பிரித்தார். நப்பின்னை நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த எழுத்தில் தன்னை மோதினாள். "ப... ப... ப..." சிவப்பு நிலைத்தது. உதடுகள் மூடின. "...படி வழியா... பி... பிள்ளைங்க தூ... தூங்குற இ... இ... இடத்துக்கு எ... எறங்குது!"

கடைசிச் சொல் வரை கேட்டனர். கேட்டபின் திருமலையப்பனின் முகம் வெளுத்தது. தேர்வாளரின் விரலுக்கு மட்டுமே இயங்கும் அபாய மணியை அவரே பாய்ந்து அழுத்தினார்.

விசிறிகள் முழங்கத் தொடங்கியபோது நப்பின்னை படிக்கட்டில் இருந்தாள். அவளுக்கு முன்னே இசைஞானி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கி, இரு தோளிலும் இரு குழந்தைகளோடு ஏறி வந்தாள். ஒவ்வொருவராக எல்லாக் குழந்தைகளும் உயிரோடு மேலே வந்துகொண்டிருந்தனர். மூலைப் பாயிலிருந்த நம்பியை நப்பின்னை வாரி எடுத்தபோது தலை அவள் கையில் துவண்டது. உலுக்கினாள். இமைகள் பிரிந்தன.

"அக்கா" என்றான், எண்பது வயதுக் கிழவனின் குரலில்.

அவள் ஏறினாள். "அக்கா" என்றான், அறுபது வயது. "அக்கா, பசிக்கு." படிகள் ஏற ஏற அந்தக் குரல் இளைத்து, மெலிந்து, மேல்வாசலில் நல்ல காற்றுக்கு வந்தபோது மூன்று வயதாயிற்று. அந்த வயதுக்கே உரிய உரத்த அழுகையாகவும் மாறிற்று. இசையென்று உலகம் கொண்டாடிய எதையும் அவள் அவ்வளவு உருகிக் கேட்டதில்லை.

இசைஞானிக்கு நோயில்லை என்று அவள் எழுதிய முடிவு ஏற்கப்பட்டது. தேர்ச்சியும் கிடைத்தது, 'தேர்வின்போது திடீர்த் திக்குவாய். சிகிச்சை பெறுக' என்ற குறிப்போடு. ஊரவை விசாரித்துத் தீர்மானம் இயற்றியது: திக்குப் பேச்சை முடிக்க இயலாமல் கருவி திணறியதால் விலைமதிப்பற்ற நேரம் வீணாயிற்று, ஆகவே திக்குவாயையும் முந்தி முடிக்கும் புதிய பதிப்பு விரைவில் வழங்கப்படும்.

நப்பின்னை கொதித்தாள். முடிப்பானையே ஒழிக்க வேண்டும் என்று அவைக்கு மனு எழுதினாள். 'இக்கருவி வருமுன் பூமியில் வாழ்ந்த நம் முன்னோர் ஒருவர் சொல்வதை ஒருவர் முழுதாகக் கேட்டவர். அச்செல்வத்தை நாம் இழந்தோம்' என்பது அவள் வாதம். அவைத்தலைவி காந்திமதி நேர்மையானவர். சான்று பார்ப்போம் என்றார். முடிப்பானுக்குப் பேச்சைக் கற்பிக்க இருபத்தோராம் நூற்றாண்டுப் பூமியிலிருந்து திரட்டிய உரையாடல்கள் காப்பகத்தில் இருந்தன. அவற்றை ஊர் கூடிய மன்றத்தில் ஒலிக்கச் செய்தார்.

மன்றம் செவி சாய்த்தது. முதலில் ஒரு வீடு.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்னாச்சுன்னா..." "ஏசி ரிப்பேர்காரன் இன்னைக்கும் வரலை."

"அப்பா, எனக்கு அந்தக் காலேஜ்ல..." "அதெல்லாம் இன்ஜினியரிங்தான்."

பிறகு ஒரு மருத்துவர் அறை. "டாக்டர், ராத்திரியானா இந்த..." "மாத்திரை எழுதியிருக்கேன். அடுத்த ஆளு!"

பிறகு ஒரு தொலைக்காட்சி விவாதம். அதில் நால்வரும் நெறியாளரும் ஒரே நேரத்தில் பேசினர். எவரும் எவரையும் கேட்கவில்லை.

மன்றத்தில் ஒரு காதிலும் பச்சை எரியவில்லை. கருவி மீதியை ஊகித்து முடிப்பதற்குள், பூமியின் மனிதர் பதில் சொல்லி முடித்திருந்தனர்.

காந்திமதி ஒலியை நிறுத்தினார். "பாவம், காதுல ஒண்ணும் மாட்டாமலே இப்படி இருந்திருக்காங்க. நாம பச்சை வர்ற வரைக்குமாவது பொறுக்கோம்" என்றார். மனு தள்ளுபடியாயிற்று.

வாசலில் இசைஞானி அவளுக்காகக் காத்திருந்தாள். மனு கொடுத்த நாளிலிருந்து நப்பின்னை முடிப்பானை அணியவில்லை. இருவரும் வெறுங்காதோடு கோயில் வீதியில் நடந்தனர்.

"தாயி, அன்னைக்கு உன்கிட்ட நான் சொல்ல வந்ததுல..." என்று தொடங்கினாள் இசைஞானி.

"தெரியும்க்கா. அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் நப்பின்னை.

இசைஞானி நின்றுவிட்டாள். திரும்பி அவளைப் பார்த்தாள். நப்பின்னையின் கை தானாகவே காதுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.