ஏழாம் நம்பர் பசை

காலை 9.10. பூட்டு உடையவில்லை. அலமாரி சாத்தியபடியே இருந்தது. உள்ளே பாட்டிலும் வைத்த இடத்திலேயே இருந்தது. பாட்டிலுக்குள் இருந்த பசைதான் வேறு.

அது உடனே தெரியவில்லை. ஷூ பட்டறை முதலாளியம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாட்டில் மூடியை ஒரே திருகில் திறந்தார். இடுக்கியோடு ஓடி வந்த ஆய்வு மாணவி அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டித் தண்ணீரில் போட்டாள். 9.40க்கு அது வாயைப் பிளந்தது.

போன மழைக்கு அவருடைய பட்டறை அனுப்பிய ஷூக்கள் எல்லாம் இப்படித்தான் வாயைப் பிளந்து திரும்பி வந்தன. வேறு வழி தெரியாமல் முதலாளியம்மா பல்கலைக்கழகத்தின் இந்தத் தொழில் உதவி அறைக்கு வந்தார். ஏழு மாத வேலை. ஆறு பசைகள் கவிழ்த்துவிட்டன, ஏழாவது நின்றது. இன்று மதியம் 2 மணிக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குகிறவர்கள் சோதிக்க வருகிறார்கள். தவறினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான், பதினான்கு பேர் தெருவில் நிற்பார்கள். புதிதாகப் பசை காய்ச்ச நான்கு நாள் ஆகும்.

அலமாரிச் சாவி மூன்று பேரிடம் இருந்தது: மாணவி, முதலாளியம்மா, பட்டறையில் ஒட்டு வேலை பார்க்கும் அவருடைய கொழுந்தன். முதலாளியம்மா யோசிக்கவே இல்லை. பெரிய கம்பெனிக்கு மாணவி விற்றுவிட்டாள் என்றார். படித்தவர்களை நம்பி மோசம் போனேன் என்று அழுதார்.

10.15. பல்கலைக்கழக ஸ்டோர் கீப்பர் அம்மாள் வந்து சேர்ந்தார். பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரு சோதனைக்குழாய் குறைந்தாலும் துறைத் தலைவரின் பையையே கவிழ்த்துப் பார்க்கிற ஜாதி. வந்ததும் பாட்டிலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். விரலை மோந்து பார்த்தார்.

"கடைசியா யார் பூட்டினது?"

"நான்தான். நேத்து அஞ்சு மணிக்கு," என்றாள் மாணவி.

"அப்புறம்?"

முதலாளியம்மா தையல் மெஷினில் இருந்ததாகச் சொன்னார். அவரோடு வந்திருந்த கொழுந்தன், தான் வீட்டில் இருந்ததாகச் சொன்னார். பார்த்தவர் யாருமில்லை. மூவரையும் ஒரே மாதிரி முறைத்துவிட்டு அம்மாள் வெளியே போனார்.

11.30க்குப் பழைய பசை மூன்று பாட்டிலோடு திரும்பினார். ஆளுக்கு ஒரு ஷூ ஒட்டிவிட்டு, பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. மாணவி ஒட்டினாள், மூடினாள். முதலாளியம்மா கோணல்மாணலாக ஒட்டினார், மூடினார். கொழுந்தன் அளந்தாற்போல் ஒட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மெழுகுத் துண்டை எடுத்து, பாட்டில் கழுத்தில் ஒரு சுற்றுத் தேய்த்து மூடினார்.

"பசை எங்க தம்பி?" என்றார் அம்மாள்.

பாட்டில் கழுத்தில் இருந்த மெழுகைச் சுட்டிக் காட்டினார்.

"லேப்ல பசையில வேற எதுவும் கலக்கக் கூடாதுன்னு கழுத்துல எதையும் தடவ மாட்டாங்க. மூடி இறுகிப்போயிடும். அதுக்குத்தான் ஆணியில இடுக்கி தொங்குது. இன்னிக்கு இடுக்கி இல்லாமலே ஒரே திருகுல திறந்துச்சாம். பசையை மாத்தினவர் பழக்கதோஷத்துல, மூடி ஒட்டாம இருக்க மெழுகும் தடவிட்டார்."

கொழுந்தன் தலையைத் தூக்கவில்லை. பெரிய கம்பெனியில் மேஸ்திரி வேலை தருவதாகச் சொன்னார்களாம், கையில் பசையோடு வந்தால். டப்பா இன்னும் வண்டிப் பெட்டியில்தான் இருந்தது.

"இருபது வருஷம் என் கை ஒட்டினது, அண்ணி. பிரிஞ்சதும் நீங்க என்கிட்ட கேக்கல, இங்க ஓடி வந்தீங்க. நாளைக்குப் பசை அவங்க பேருல இருக்கும். நான் யாரு?"

மாணவிதான் பையைத் திறந்தாள். இரண்டு மணிக்குக் கொடுக்க வைத்திருந்த அறிக்கையின் முதல் பக்கத்தைக் கொழுந்தன் முன்னால் வைத்தாள். கண்டுபிடித்தவர்கள் என்று போட்டு இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது அவருடையது.

"ஒட்டுறதுக்கு முன்னாடி அடிப்பாகத்தை அனல்ல காட்டுன்னு நீங்க சொன்னீங்களே அண்ணா. அதுக்கப்புறம்தான் ஏழு நின்னுச்சு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

அவர் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன்னுடையதையே திருடிய வெட்கத்தோடு போய், வண்டிப் பெட்டியிலிருந்த பசை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். முதலாளியம்மா முதலில் மாணவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு பிரஷ்ஷை எடுத்துக் கொழுந்தனிடம் நீட்டினார்.

"நீங்களே ஒட்டுங்க தம்பி. மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

மதியம் 2.40. வாங்க வந்தவர்கள் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு பேராகச் சேர்ந்து இழுத்தும் ஷூ பிரியவில்லை. பாட்டிலை மூடும்போது கொழுந்தனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பூதக்கண்ணாடி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கை பாதியில் நின்றது, இறங்கியது. மூடியை வெறுமனே இறுக்கிவிட்டு, ஆணியில் தொங்கிய இடுக்கியை எடுத்து மாணவியிடம் கொடுத்தார்.