வெட்டியெடுத்த மூச்சு

செஞ்சிக் கோட்டை மலையடியில் இருந்த அந்த வாடகை வீட்டை ஜேம்ஸ் திறந்தபோது, ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த புழுக்கம் முகத்தில் வந்து அப்பியது. பின்னால் வந்த மாமியார் ராயம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா மாப்ள, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

"எலி இல்ல அத்த. விமலா நெஞ்சுல தடவுற தைலம்."

உள்ளறை மூலையில், பதிவின்போது வெளிச்சத்தம் புகாமலிருக்க ஜேம்ஸ் கட்டிய கம்பளிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நின்றுதான் அவன் மனைவி விமலா பாடினாள். பழைய ஆங்கிலக் காதல் பாட்டுகள் பத்து, ஜாஸ் பாணியில். பத்தையும் பாடி முடித்த மாதமே மூச்சிழுப்பு நோய் முற்றி இறந்துபோனாள். தனியே பதிவுசெய்த வயலின்களும் செல்லோக்களும் பியானோவும் அவள் குரலைச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. நாளை அவளுடைய ஆண்டுத் திருப்பலி. அது முடிந்ததும் உறவுக்காரர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்கப்போகிறார்கள். இதைத் தவிர விமலாவின் குரல் வேறெங்கும் இல்லை.

ஒரு வேலைதான் பாக்கி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சிழுக்கும்போது கீச்சென்று ஓர் ஓசை. பட்டு போன்ற வயலின்களின் மேல் அது முள்ளாய்க் கீறியது. ஒலித்தொகுப்பு செய்பவர்கள் மூச்சைக் கொஞ்சம் தணிப்பார்களே தவிர முழுதாக அழிக்கமாட்டார்கள். ஜேம்ஸ் அழித்தான். அந்த நோய் உலகத்தில் எங்கும் மிச்சம் இருக்கக் கூடாது என்று லேப்டாப்பில் இருந்த அசல் பதிவிலேயே ஒவ்வொன்றாக வெட்டினான்.

உச்சிவெயில். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெட்டி முடித்த பாட்டு ஒன்றை மாமியாருக்குப் போட்டுக் காட்டினான்.

"ஒரு எழுத்து புரியல. ஆனா எம்பொண்ணு தான்" என்றாள் ராயம்மாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "இவ எப்ப மாப்ள மூச்சு வாங்குறா?"

"வெட்டிட்டேன் அத்த."

"கறியில சவ்வு வெட்டுற மாரி சொல்ற!" சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

பத்தாவது பாட்டின் கடைசி மூச்சையும் வெட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டான். வயலின்கள் எழுந்தன. பியானோ அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

விமலா வரவில்லை.

திரையில் அவள் குரலின் கோடுகள் எப்போதும்போல அசைந்தன. ஒலிதான் இல்லை. வேறு பாட்டைப் போட்டான். அடுத்ததைப் போட்டான். எல்லாவற்றிலும் வாத்தியங்கள் மட்டும், யாரோ வருவார்கள் என்று இடம்விட்டுக் காத்திருந்தன.

ஹெட்போனைக் கழற்றினான்.

கம்பளிகளுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கீச்சென்ற அதே இழுப்பு.

மறுபடியும். மறுபடியும். உள்ளே மட்டும். வெளியே விடவே இல்லை.

தைல வாடை அறையை நிறைத்தது. அந்த இழுப்பில் கம்பளிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. ஜேம்ஸுக்கு நெஞ்சில் காற்று போதவில்லை. ராயம்மாள் கதவருகே வந்து நின்றாள்.

"இருங்க அத்த" என்று கிசுகிசுத்தான். "மூச்சு எடுக்குறா. இப்பப் பாடுவா."

ராயம்மாள் காத்திருக்கவில்லை. போய்க் கம்பளியை விலக்கினாள். வெறும் சுவர். அந்தச் சுவரில் வாயை வைத்தாள்.

"பாட வேணாம்டி கண்ணு. மூச்ச வுட்டுடு. வுட்டுட்டுப் போயிடு தாயி."

இன்னொரு மூச்சு உள்ளே போனது.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில், "பாட்டு எங்கப்பா?" என்று கேட்டவர்களைத் தாண்டிப்போய் ஜேம்ஸ் கல்லறையருகே நின்றான். ஃபாதர் தீர்த்தம் தெளித்து நகர்ந்ததும், விமலாவின் கல்லறையைச் சுற்றி மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். வேலியோரப் பனைகளில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

சுடர்கள் எல்லாம் ஒன்றாகக் கல்லை நோக்கிச் சாய்ந்தன.

சாய்ந்தபடியே ஒவ்வொன்றாக அணைந்தன.

ராயம்மாள் யாரையும் பார்க்காமல் தீக்குச்சி ஒன்றை உரசினாள். அந்தத் தீயும் கல்லை நோக்கித்தான் நீண்டது.