ஊர்ந்து போன குப்பைத் தொட்டி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே விழட்டும்.

புதுவாயலில் எங்கள் தெருவை மேலிருந்து படம் பிடித்து, அப்படியே கணினிக்குள் கட்டிவிட்டார்கள். வீடு, மரம், குழாயடி எல்லாம் அச்சு அசல். எதிர்வீட்டு மணவாளன் மாடியில் காய்ந்த லுங்கியின் ஓட்டைகூடத் தெரிந்தது.

சமுதாயக் கூடத்தில் பெரிய திரையில் அதைக் காட்டினார் அதிகாரி அன்புசெல்வன்.

"தெருவுக்கு லாரி சைஸ்ல குப்பைத் தொட்டி வருது. வீட்டுக்கு ஒருத்தர் வந்து விரலால இழுத்து வைங்க. அஞ்சு மணிக்கு எங்க நிக்குதோ, நிஜத்துலயும் அங்கதான்!"

தொட்டி முதலில் மணவாளன் வாசலில் நின்றது. அவர் பக்கத்து வீட்டுக்கு இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்கு இழுத்தார். திரையில் தொட்டி ஊர ஊர, வெளியே தெருநாய்களும் வாசல் வாசலாக ஊர்ந்தன. ஜன்னல் வழியே நானே பார்த்தேன்.

கடைசியில் பத்து வயது தமிழ்செல்வியின் முறை.

"இழுடி! நம்ம ஊட்டு வாசல்ல நிக்குது பாரு!" என்று அம்மா விரட்டினாள்.

தமிழ்செல்வி இழுத்தாள். எந்த வாசலுக்கு வந்தபோது கூடத்தில் யாரும் கத்தவில்லையோ, அங்கே விட்டாள். கைதட்டல்!

வெளியே எட்டிப் பார்த்தாள். நாய்கள் அவள் தோழி மேரி வீட்டு வாசலில் படுத்திருந்தன.

மேரிக்கு வீசிங், மூச்சிரைப்பு. அம்மாவோடு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அதனால்தான் கத்த ஆளில்லை.

"அண்ணே, இன்னொரு தபா இழுக்கணும்!"

"அதெல்லாம் கெடையாது, போய்க் குந்து" என்றார் மணவாளன்.

"மேரிக்கு மூச்சு முட்டுமே மாமா?"

"ஜன்னல சாத்திக்குவா."

கடிகாரம் ஐந்தை நெருங்கியது. தமிழ்செல்வி திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சரி, இழுக்கல. மேரி ஊட்டு ஜன்னல்லேர்ந்து பாத்தா எப்டி இருக்கும்? அத மட்டும் காட்டுங்கண்ணே."

அன்புசெல்வன் திரையைத் திருப்பினார். வானம் இல்லை. மரம் இல்லை. ஜன்னல் முழுக்கத் தொட்டி. கூடத்தில் அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப மணவாளன் மாமா ஜன்னல்லேர்ந்து..."

"ஐய, வேணாம்!" என்று அலறினார் மணவாளன். "பேஜாரா போச்சே! அப்ப எங்கதான் வெக்கிறது?"

"ஒடச்சிடுங்க."

"இன்னாது?"

"பெரிய தொட்டிய ஒடச்சி, ஊட்டுக்கு ஒரு குட்டித் தொட்டி. அவங்கவங்க குப்ப அவங்கவங்க வாசல்ல. காலைல வண்டி வந்து எடுத்துக்கினு போவட்டும்."

அன்புசெல்வன் கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. மணவாளனின் கையும் உயர்ந்தது, மூக்கைப் பிடிக்காத கை.

மணி ஐந்து அடித்தபோது திரையில் வாசலுக்கு ஒரு குட்டித் தொட்டி நின்றது. எந்த வாசலில் படுப்பது என்று புரியாமல் நாய்கள் நெடுஞ்சாலைப் பக்கம் கோபித்துக்கொண்டு போயின.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் மேரி.

"இன்னாடி, எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கினு வராங்க?"

"உன் ஜன்னல பாத்துக்கினு இருந்தோம்" என்றாள் தமிழ்செல்வி.

சொல்ல விட்டுப்போன ஒரே ஒரு தகவல்: பராமரிப்பு வேலைக்காக, அன்று காலையிலிருந்து இருட்டும் வரை புதுவாயல் முழுக்க மின்சாரம் கிடையாது. திரை எப்படி ஓடியது என்று மட்டும் கேட்காதீர்கள், பல் ஆடுகிறது.