நிலாக்கப்பல் இறங்கிய மத்தியானம்

“கோவியாதேங்கோ... உங்கடை போனை ஒரு பத்து நிமிசம் தருவீங்களோ?”

வினோஜா திடுக்கிட்டாள். கொக்குவில் சந்தி பஸ் தரிப்பிடம். வெளியே ஊற்றுகிற மழை. தலைமுதல் கால்வரை நனைந்துபோய் ஒருவன் நிற்கிறான்... கண்கள்தான் எவ்வளவு அழகு! சீ, இப்போது அதுவா முக்கியம்?

“முன்பின் தெரியாத ஆக்களிட்டை நான் போன் குடுக்கிறேல்லை.”

“வீட்டிலை கரண்ட் இல்லை. என்ரை போனிலையும் சார்ஜ் முடிஞ்சுது. இப்ப சந்திரனிலை எங்கடை கொம்பனிக் கப்பல் இறங்கப்போகுது... ஆளில்லாத கப்பல். அது கால் ஊண்டுற புரோகிராம் நான் எழுதினது. சரிவந்தால்தான் அடுத்த வருசமும் எனக்கு வேலை.”

சந்திரனா? அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் தரகர் மார்க்கண்டர் கொண்டுவந்த சம்பந்தம்! கோப்பாயில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்கிற பெடியன், சந்திரனுக்குக் கப்பல் விடுகிறானாம்... படத்தைக்கூடப் பார்க்காமல், “உந்தப் புளுகன் எனக்கு வேண்டாம்” என்று திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

“நீங்கள்... கோபிசங்கரோ? நான் வினோஜா.”

அவன் முகம் சிவந்தது. “புளுகன் எண்டு சொன்ன வினோஜாவோ? பரவாயில்லை, நான் வேறை ஆரிட்டையாவது கேக்கிறன்.”

மழைக்குள் இறங்கியே விட்டான். ரோசக்காரன்!

“நில்லுங்கோ! நீங்கள் வேறை போன் தேடிப் பிடிக்குமட்டும் கப்பல் காத்துக்கொண்டு நிக்குமோ?” எட்டிப் பிடித்து, போனை அவன் கையில் திணித்தாள்.

கப்பல் இறங்கும் நேரடி ஒளிபரப்பைத் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். நூறு மீற்றர்... ஐம்பது... பத்து... பிள்ளையாரே, இவனுக்காகவாவது இறங்கட்டும்! பிறகு கப்பலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நெடுநேரம் கழித்து அறிவிப்பு வந்தது. கப்பல் இறங்கியிருந்தது. ஆனால் கால் ஊன்றாமல் பக்கவாட்டில் சரிந்துவிட்டது.

அவன் கண் கலங்கியது. சட்டைப்பைக்குள் நனைந்து கிடந்த கைலேஞ்சியை எடுத்துப் பிழிந்தான். போனில் தெறித்திருந்த மழைத்துளிகளை மெல்லத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

“வேலையும் போகப்போகுது. நல்ல காலம், நீங்கள் அண்டைக்கே மாட்டன் எண்டது.”

இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது...

“பிழை என்ரைதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அப்பாவோடை நானே கதைக்கிறன்.”

“கப்பல் விழுந்ததைப் பாத்தாப் பிறகோ சொல்லுறீங்கள்?”

“ஓம். மனம் உடைஞ்சு நிக்கேக்கையும் என்ரை போனைத் துடைச்செல்லோ தந்தீங்கள்... அந்த ஆள்தான் எனக்கு வேணும்.”